ஷனேல் நம்பர் 5: புட்டியில் பெயர் இல்லாதவர்கள்

1960களில் அமெரிக்க வியாபாரி ஒருவர் 'செகண்ட் சான்ஸ்' என்ற பெயரில் ஒரு சென்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விளம்பரத்திலேயே சவால் விட்டார்: ஷனேல் நம்பர் 5 விலை 25 டாலர், எங்களுடையது 7 டாலர், முடிந்தால் வித்தியாசம் கண்டுபிடியுங்கள். ஷனேல் நிறுவனம் வழக்குப் போட்டது. 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வியாபாரியின் பக்கம் நின்றது. காப்புரிமை இல்லாத கலவையை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம், எதைப் பார்த்துச் செய்தோம் என்று பெயர் சொல்லி விளம்பரமும் செய்யலாம் என்றது தீர்ப்பு. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிய பிறகு, இரண்டு கலவைகளும் ஒன்றல்ல என்பது சோதனையில் நிரூபணமாகி, விளம்பரம் பொய் என்ற காரணத்தால் ஷனேல் வென்றது. ஆனாலும் 1968 தீர்ப்பின் சாரம் நின்றுவிட்டது. பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் 2006இல், வேறொரு வழக்கில், வாசனைத் திரவியத்தின் மணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்றே சொன்னது.

ஆக, மணம் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு மணத்தைப் பார்த்து நகல் எடுப்பதைச் சட்டம் தடுக்காது. அப்படியிருந்தும் 1921இல் பாரிசில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு வந்த ஒரு சென்ட், நூறு ஆண்டுகள் தாண்டியும், உலகின் மிக அதிகம் பேசப்பட்ட பெண்கள் வாசனைத் திரவியமாக நிற்கிறது. எது அதை நிற்க வைத்தது? இந்தக் கேள்விக்கு நான்கு வகையான பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் கோகோ ஷனேலின் மேதமை என்கிறார்கள். வேதியியலாளர்கள் ஆல்டிஹைடு என்கிறார்கள். விளம்பர உலகம் மர்லின் மன்றோவையும் சினிமா நடிகைகளையும் காட்டுகிறது. வணிக வரலாற்றை ஆராய்ந்தவர்கள் வெர்த்தைமர் குடும்பத்தைச் சுட்டுகிறார்கள். நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இந்தச் சென்டைச் செய்தவர்களும் காத்தவர்களும் பெரும்பாலும் புட்டியில் பெயர் இல்லாதவர்கள். ஷனேல் என்ற பெயருக்கு உரியவரோ ஒரு கட்டத்தில் அதைக் கைப்பற்றுவதற்காக மிகக் கேவலமான வழியில் இறங்கியவர்.

முதலில் 1921க்கு முந்தைய நிலைமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வாசனைத் திரவியம் என்றால் பூவையும் பட்டையையும் பிசினையும் பிழிந்தோ காய்ச்சியோ எடுப்பதுதான். 1868இல் பெர்கின் கூமரினை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் வனிலினும் செயற்கையாக வந்தது. ஊபிகான் நிறுவனத்தின் 'ஃபுஜேர் ராயால்' (1882), கெர்லானின் 'ஜிக்கி' (1889) ஆகியவை இந்தப் புதுச் சரக்குகளைத் துணிந்து பயன்படுத்தின. பிறகு பிரான்சுவா கோத்தி வந்தார். கண்ணாடிக் கலைஞர் லாலிக்கின் புட்டிகளில் சென்டை ஊற்றி, உள்ளே இருப்பதைப் போலவே வெளியே இருப்பதும் விற்கும் என்று நிரூபித்தார். ஆடை வடிவமைப்பாளர்களில் போல் புவாரே என்பவர் முந்திக்கொண்டார். 1911இல் தன் மகள் ரோசினின் பெயரில் வாசனைத் திரவிய நிறுவனம் தொடங்கினார். மகளின் பெயரை வைத்தாரே தவிர, ஆடைகளில் பிரபலமாக இருந்த தன் பெயரை வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஷனேல் நுழைந்தார்.

காப்ரியேல் ஷனேல் 1883இல் சோமூர் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் இறந்த பிறகு ஒபாசின் மடாலயத்தின் அநாதை விடுதியில் கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்தார். 1910இல் பாரிசின் காம்போன் தெருவில் தொப்பிக் கடை போட்டார். தோவில், பியாரிட்ஸ் என்று கடற்கரை ஊர்களில் கிளைகள் திறந்து, முதல் உலகப் போர் முடியும்போது வசதியான வியாபாரியாக இருந்தார். அவரது காதலரும் தொடக்கக் காலப் புரவலருமான பாய் கேப்பல் 1919 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு ரஷ்ய இளவரசர் திமித்ரி பாவ்லோவிச் அவர் வாழ்க்கையில் வருகிறார். ரஸ்புதின் கொலையில் பங்கெடுத்ததற்காக நாடு கடத்தப்பட்டு, அதன் காரணமாகவே புரட்சியில் உயிர் தப்பியவர். வாசனை வல்லுநர் எர்னெஸ்ட் போவை ஷனேலுக்கு அறிமுகப்படுத்தியவர் இவர்தான் என்று பெரும்பாலான நூல்கள் சொல்கின்றன.

போவின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1881இல் மாஸ்கோவில் பிறந்த பிரெஞ்சு வம்சாவளியினர். ரஷ்ய அரசவைக்குச் சரக்கு அனுப்பிய ரால்லே நிறுவனத்தில் சோப்புப் பிரிவில் தொடங்கி, தலைமை வாசனை வல்லுநராக உயர்ந்தார். 1912இல் பொரதினோ போரின் நூற்றாண்டுக்காக 'புக்கே த நெப்போலியன்' செய்தார். நன்றாக விற்றது. 1913இல் ரொமானவ் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவுக்கு, கேத்தரின் பேரரசியின் பெயரில் இன்னொன்று. அது எடுபடவில்லை. போர் வந்ததும் ஜெர்மனியில் பிறந்த பேரரசியின் பெயர் விற்பனைக்கு ஆகாது என்று, அதுவே 'ரால்லே நம்பர் 1' ஆனது என்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு போ வடக்கே, ஆர்க்டிக் ஓரத்தில், வெள்ளைப் படையினரோடும் நேசநாட்டுப் படையினரோடும் இருந்தார். ஆர்க்கேஞ்சலுக்கு அருகே முத்யுக் தீவுச் சிறைமுகாமில் போல்ஷெவிக் கைதிகளை விசாரிக்கும் வேலையும் பார்த்தார். பின்னாளில் 1946இல் ஆற்றிய உரையில், நள்ளிரவுச் சூரியன் காயும் நாட்களில் அந்த வடதிசை ஏரிகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் எழுந்த புத்துணர்ச்சியான மணத்தைத்தான் நம்பர் 5இல் பிடிக்க முயன்றதாகச் சொன்னார். அந்தக் குளிர்ந்த நீரின் மணமும் சிறைமுகாமும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்பது நினைவில் இருக்க வேண்டும்.

அந்தக் குளிர்ச்சியைப் பிடிக்க அவர் பயன்படுத்தியது ஆல்டிஹைடுகள். பத்து முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி மூலக்கூறுகள். தனியாக முகர்ந்தால் இனிமையே இருக்காது. ஒன்று ஆரஞ்சுத் தோலும் மெழுகும் கலந்தது போல அடிக்கும். இன்னொன்று ஊதி அணைத்த மெழுகுவர்த்தித் திரியை, இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்ட துணியை நினைவூட்டும். கலவையில் அளவு மிகச் சிறியதுதான், ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த ஒரு பங்கு மற்றதையெல்லாம் தூக்கிவிடுகிறது. மல்லிகை, மே மாத ரோஜா, இலாங்-இலாங், நெரோலி, ஐரிஸ் கிழங்கு, அடியில் சந்தனம், வெட்டிவேர், வனிலா, கூமரின், கஸ்தூரியைப் போன்ற செயற்கைச் சரக்கு, புனுகு என எண்பதுக்கு மேற்பட்ட பொருட்கள் சேர்ந்த அடர்த்தியான பூக்கலவை அது. ஆல்டிஹைடு இல்லாவிட்டால் இதெல்லாம் கனத்துப் போய்ச் சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்டிஹைடு சேர்ந்ததும் மேலெழுந்து மின்னத் தொடங்குகிறது. எந்தப் பூ என்று கேட்டால் சொல்ல முடியாத பூ மணம் அப்படிப் பிறந்தது.

அந்தக் காலத்துப் பாரிசில் இதற்கு ஒரு சமூகப் பொருளும் இருந்தது. கண்ணியமான வீட்டுப் பெண் ரோஜா, வயலட், லாவெண்டர் என்று ஒற்றைப் பூ வாசனை பூச வேண்டும். கஸ்தூரியும் புனுகும் கனத்த மல்லிகையும் நடனக்காரிகளுக்கும் ஆசைநாயகிகளுக்கும் உரியவை. ஷனேல் அநாதை விடுதியின் சோப்பு மணத்தையும் அறிந்தவர், பணக்கார ஆண்களின் நிழலில் வாழும் பெண்களின் உலகையும் அறிந்தவர். சுத்தமும் சதையும் ஒன்றாக இருக்கும் ஒரு மணத்தை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. அவருடைய மேதமை என்று நான் ஏற்றுக்கொள்வது இந்தத் தேர்வைத்தான். போ 1 முதல் 5 வரையும் 20 முதல் 24 வரையும் எண்ணிட்ட மாதிரிகளை அவர் முன் வைத்தார். அவர் ஐந்தாவதை எடுத்தார். ஆடைத் தொகுப்பை ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி வெளியிடுவதால் சென்டுக்கும் அந்த எண்ணே இருக்கட்டும், ராசி சேரும் என்றார். எண்ணுக்குப் பின்னால் மடாலயத் தரைக்கற்களின் வடிவம், சிம்ம ராசி என்று பலர் பல விளக்கம் தருகிறார்கள். அவற்றில் ஆழமாகப் போகத் தேவையில்லை.

ஆனால் இன்னொரு கதையைச் சும்மா விட முடியாது. ஆல்டிஹைடைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஊற்ற வேண்டிய உதவியாளர் கைதவறி அப்படியே ஊற்றிவிட்டார், அந்தத் தவறுதான் நம்பர் 5 என்ற கதை கட்டுரைக்குக் கட்டுரை வருகிறது. 'கெல்க் ஃப்ளர்' என்ற ஊபிகான் சென்டில் 1912இலேயே ஆல்டிஹைடு இருந்தது. போ அதை மாஸ்கோவிலேயே அறிந்திருந்தார். 2007இல் பிலிப் கிராஃப்டும் இணை ஆய்வாளர்களும் ரால்லே நம்பர் 1ஐயும் ஷனேல் நம்பர் 5ஐயும் அருகருகே வைத்து ஆராய்ந்து, இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே என்று காட்டினார்கள். அதாவது கைதவறுவதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வரைபடம் தயார். ஒரு மனிதனின் பத்தாண்டு உழைப்பை விபத்து என்று சொல்வது அவனிடமிருந்து திருடுவதற்குச் சமம் என்றே நினைக்கிறேன்.

ஜெர்மன் வரலாற்றாசிரியர் கார்ல் ஷ்லோகல் இந்த மாஸ்கோ வேரை இன்னும் தூரம் கொண்டுபோகிறார். போ பிரான்சுக்குத் திரும்பினார். அவரைப் போலவே மாஸ்கோவில் வேலை பார்த்த பிரெஞ்சு வல்லுநர் ஓகுஸ்த் மிஷேல் திரும்பவில்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட ப்ரோகார் ஆலையில், பின்னாளில் 'நோவயா ஸார்யா' எனப் பெயர் மாறிய அதே ஆலையில், அவர் இருந்துவிட்டார். அங்கே 1920களில் பிறந்ததுதான் 'க்ராஸ்னயா மாஸ்க்வா', சிவப்பு மாஸ்கோ. சோவியத் பெண்கள் பல தலைமுறைகளாகப் பூசிய வாசனை. 1913ஆம் ஆண்டு விழாவுக்கான வாசனைகளிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பது ஷ்லோகலின் கருத்து. ஆவணச் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை என்பதால் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். ஆனால் முதலாளித்துவ ஆடம்பரத்தின் அடையாளமும் சோவியத் நாட்டின் பண்டிகை மணமும் ஒரே ஊரின் ஒரே தொழிற்பள்ளியில் பயின்ற கைகளிலிருந்து வந்தவை என்பதில் சந்தேகமில்லை.

புட்டிக்கு வருவோம். கோத்தியின் காலத்தில் புட்டிகள் சிற்பங்களாக இருந்தன. நம்பர் 5இன் புட்டி ஆண்களின் மேசையில் இருக்கும் மருந்துப் புட்டி போல, சதுரமாக, வெறுமையாக வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். கேப்பலின் விஸ்கிக் குடுவை மாதிரி என்பார்கள், ஆதாரம் இல்லை. முதலில் செய்த மெல்லிய கண்ணாடி தூரப் பயணத்தைத் தாங்கவில்லை. 1924இல் கனமான கண்ணாடியில், ஓரங்களைச் சீவி மாற்றினார்கள். அதன் பிறகு மாறியதெல்லாம் நுணுக்கம் மட்டுமே. பர்ஃபம் என்ற செறிவான வகையின் கழுத்தைக் கட்டும் முறையை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். மூடியின் மேல் மிக மெல்லிய சவ்வு ஒன்றை நனைத்து இழுத்துப் போர்த்துவார்கள். கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பருத்தி நூலை இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் கறுப்பு மெழுகு வைத்து, இரட்டை 'சி' முத்திரையை அழுத்துவார்கள். உள்ளே காற்றுப் புகாது, வெளியே திரவம் ஆவியாகாது, யாராவது திறந்தால் தெரிந்துவிடும். இன்றும் இதைக் கையால் செய்கிறார்கள். அதற்கெனத் தனியே பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். உலகம் முழுவதும் அறிந்த முத்திரையை அழுத்தும் இந்தக் கைகளை யாருக்கும் தெரியாது.

வணிகம் 1924இல் வேறு பாதைக்குத் திரும்பியது. காம்போன் தெருக் கடையில் விற்கும் அளவுக்குத்தான் போவால் செய்ய முடிந்தது. ஷனேலுக்கு ஆலை வேண்டும். காலரி லாஃபாயெத் அங்காடியின் தியோஃபில் பாடேர், போர்ஜுவா என்ற பெரிய ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் உரிமையாளர்களான பியர், போல் வெர்த்தைமர் சகோதரர்களிடம் அவரை அழைத்துப் போனார். 'பர்ஃபம் ஷனேல்' என்ற நிறுவனம் பிறந்தது. வெர்த்தைமர்களுக்கு 70 விழுக்காடு, பாடேருக்கு 20, ஷனேலுக்கு 10. ஆலை, முதல், விற்பனை எல்லாம் அவர்களுடையது; ஷனேல் கொடுத்தது பெயர். சில ஆண்டுகளிலேயே இந்தப் பத்து விழுக்காடு அவர் மனத்தில் ஆறாத காயமாயிற்று. ஆண்டுக்கணக்கில் வக்கீல்களை வைத்து வழக்காடினார். அவர் ஏமாற்றப்பட்டார் என்று எழுதுபவர்கள் உண்டு. என் பார்வையில், அந்தச் சமயத்தில் ஆபத்தை ஏற்றுக்கொண்டவர்கள் பங்கையும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

போவும் அவர்களோடு சேர்ந்து இரண்டு நிறுவனங்களுக்கும் தொழில்நுட்பத் தலைவரானார். 1928இல் போர்ஜுவாவுக்காக அவர் செய்ததுதான் 'சுவார் த பாரி'. இந்தியாவில் 'ஈவினிங் இன் பாரிஸ்' என்ற பெயரில், அடர்நீலப் புட்டியில் வந்தது. நம் பாட்டிமார் தலைமுறையில் பெட்டிக்குள் பட்டுப்புடவையோடு அதை வைத்திருந்த வீடுகள் உண்டு. 1967இல் வந்த இந்திப் படமொன்றுக்கும் ஏறத்தாழ அதே பெயர்தான். நம்பர் 5ஐச் செய்த அதே மூக்கு, அதே முதலாளிகள். விலையோ மருந்துக்கடையில் சாதாரணப் பெண் வாங்கக்கூடியது. ஷனேலின் பெயருக்கு என்ன விலை என்பதை இந்த இரண்டு புட்டிகளின் விலை வித்தியாசம் அப்படியே காட்டிவிடுகிறது.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் நுழைந்தது. வெர்த்தைமர்கள் யூதர்கள். அவர்கள் நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போகும் முன் நிறுவனத்தை ஃபெலிக்ஸ் அமியோ என்ற விமானத் தொழிலதிபரின் பெயருக்கு மாற்றி வைத்தார்கள். அவர் கிறிஸ்தவர். ஷனேல் ரிட்ஸ் ஹோட்டலில், ஜெர்மானிய உளவுத்துறையைச் சேர்ந்த பாரன் ஃபன் டிங்க்லாகேயோடு வாழ்ந்துகொண்டிருந்தார். யூதச் சொத்துகளைப் பறிக்கும் 'ஆரியமயமாக்கல்' சட்டம் அமலுக்கு வந்ததும் அவர் காத்திருந்த வாய்ப்பு வந்துவிட்டது. 1941 மே 5ஆம் தேதியிட்டு அதிகாரிகளுக்கு எழுதினார்: பர்ஃபம் ஷனேல் இன்னும் யூதர்களின் சொத்தாகவே இருக்கிறது, உரிமையாளர்கள் ஓடிவிட்டார்கள், எனக்கே முன்னுரிமை. அமியோவின் பெயரில் மாற்றியது செல்லும் என்று முடிவானதால் அந்த முயற்சி தோற்றது. ஜெர்மானிய உளவுத்துறை ஆவணங்களில் ஷனேலுக்கு முகவர் எண்ணும் 'வெஸ்ட்மின்ஸ்டர்' என்ற சங்கேதப் பெயரும் இருந்ததை ஹால் வான் 2011இல் தன் நூலில் விரிவாக வைத்தார். காலம் அப்படி, எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சமாதானம் சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. பாரிசில் எண்ணற்ற பேர் பட்டினி கிடந்தார்கள், ஒளிந்தார்கள், ஒளித்து வைத்தார்கள். ஒரு மனிதனின் சொத்தை அவன் பிறப்பைக் காட்டிப் பறிக்கலாம் என்று ஓர் அரசு சொன்னபோது, அதைப் பயன்படுத்திக்கொள்ள மனு எழுதியவர் ஷனேல். நம்பர் 5இன் வரலாற்றை எழுதுபவர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போகக் கூடாது.

அதே சமயம் அட்லாண்டிக்கின் மறுகரையில் நடந்தது வேறு. நியூயார்க் போனதும் வெர்த்தைமர்கள் முதலில் கவலைப்பட்டது மல்லிகையைப் பற்றி. கிராஸ் நகரத்து மல்லிகைச் சாறு இல்லாமல் நம்பர் 5 இல்லை. கிரெகரி தாமஸ் என்ற தங்கள் ஆளை வேறொரு பெயரில் பிரான்சுக்கு அனுப்பி, போர்க்காலத்துக்குத் தாங்கும் அளவு மல்லிகையும் ரோஜாவும் கடத்திக்கொண்டு வரச் செய்தார்கள். நியூஜெர்சியின் ஹோபோகனில் ஆலை வைத்து உற்பத்தியைத் தொடர்ந்தார்கள். மற்ற பிரெஞ்சுச் சென்டுகள் மாற்றுச் சரக்கோடும் தட்டுப்பாட்டோடும் தடுமாறிய ஆண்டுகளில் நம்பர் 5 அதே மணத்தோடு கடைகளில் இருந்தது. டிலார் மாசியோ 2010இல் எழுதிய நூலில் இன்னொன்றும் சொல்கிறார். அமெரிக்க ராணுவக் கடைகளில் அதை வரியில்லாமல் விற்றார்கள். படைவீரன் தன் மனைவிக்கோ காதலிக்கோ வாங்கும் முதல் ஆடம்பரப் பொருள் அதுவானது. 1944இல் பாரிஸ் விடுதலையானபோது காம்போன் தெருவில் அமெரிக்கச் சிப்பாய்கள் நம்பர் 5க்காக வரிசையில் நின்றார்கள். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு விடுவிக்கப்பட்ட ஷனேல் சில காலத்திலேயே சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். மாசியோவின் முக்கிய வாதம் இதுதான்: நம்பர் 5ஐப் பெரிதாக்கியது விளம்பரம் அல்ல. 1920களில் நிறுவனம் அதைத் தனியாகக்கூட விளம்பரப்படுத்தவில்லை, மற்ற எண்களோடு சேர்த்தே போட்டது. பெண்களே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். போரின்போது அது கிடைத்துக்கொண்டே இருந்ததுதான் மீதியைச் செய்தது. நான் இந்த வாதத்தோடு பெரிதும் உடன்படுகிறேன்.

போருக்குப் பின் ஷனேல் சுவிட்சர்லாந்தில் தனியாக வாசனைத் திரவியங்கள் செய்யவைத்து மிரட்டினார். 1947இல் சமாதானம் ஆயிற்று: உலக விற்பனையில் 2 விழுக்காடு அவருக்கு. அதுவே அவரை உலகின் பணக்காரப் பெண்களில் ஒருவராக்கியது. 1954இல் அவர் மறுபடி ஆடைத்தொழிலுக்கு வந்தபோது பணம் போட்டவர் யார் தெரியுமா? பியர் வெர்த்தைமர். தன் சொத்தைப் பறிக்க மனுப்போட்டவரின் ஆடைத்தொழிலுக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் அவரே பணம் கொடுத்தார். நிறுவனம் இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அதைப் பெருந்தன்மை என்பதா, பெயரின் மதிப்பைக் காக்கும் வியாபாரம் என்பதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஷனேல் 1971 ஜனவரி 10ஆம் தேதி ரிட்ஸிலேயே இறந்தார்.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாக. படுக்கும்போது நம்பர் 5தான் அணிகிறேன் என்று மர்லின் மன்றோ 1952இல் சொன்னதற்கு நிறுவனம் காசு கொடுக்கவில்லை. 2013இல்தான் அவருடைய பழைய குரல்பதிவை விளம்பரமாக்கினார்கள். 1970களில் நம்பர் 5 மருந்துக்கடை ஜன்னல்களில் தூசு படியும் நிலைக்கு வந்திருந்தது. 1974இல் பொறுப்பேற்ற அலேன் வெர்த்தைமர் விற்கும் கடைகளின் எண்ணிக்கையை வெகுவாக வெட்டினார். கத்ரீன் தெனெவ் முகமாக இருந்தார், ரிட்லி ஸ்காட் படமெடுத்தார், 2004இல் பாஸ் லூர்மன் நிக்கோல் கிட்மனை வைத்து எடுத்த விளம்பரப் படம் அதுவரை உலகில் எடுக்கப்பட்டவற்றில் மிகச் செலவானதாகப் பதிவானது. பெரிய பெயர்கள் இவை. ஆனால் சரிவைத் தடுத்தது முதலில் எடுத்த முடிவு, எல்லா இடத்திலும் கிடைப்பதை நிறுத்திய முடிவு.

அதே சமயம், புட்டிக்குள் இருப்பது அதே மணமா? இதில் சென்ட் பிரியர்களுக்குள் ஓயாத விவாதம். போவுக்குப் பின் ஆன்ரி ரொபேர், 1978 முதல் ழாக் போல்ஜ், 2015 முதல் அவர் மகன் ஒலிவியே போல்ஜ் என நூறாண்டில் நான்கே பேர் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். 1986இல் ஓ த பர்ஃபம், 2016இல் இளையவர்களுக்காக 'லோ' என்று புது வடிவங்கள் வந்தன. பழைய நைட்ரோ கஸ்தூரிச் சரக்குகள் உடல்நலக் காரணங்களால் போயின. கூண்டிலிட்ட புனுகுப் பூனையிடமிருந்து வழித்தெடுக்கும் புனுகு 1990களின் இறுதியில் நின்றது. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. மல்லிகைச் சாறுக்கும் ஒவ்வாமை காரணமாகத் தொழில்துறையே உச்சவரம்பு வைத்திருக்கிறது. எனவே 1921இன் நம்பர் 5 இன்று இல்லை. ஆனால் அதன் நடு இடம், மல்லிகையும் ரோஜாவும் ஆல்டிஹைடின் கீழே நிற்கும் இடம், பர்ஃபம் வடிவத்தில் மாறாமல் இருப்பதற்குக் காரணம் தெற்கு பிரான்சில் ஒரு தோட்டம்.

கிராஸுக்கு அருகே பெகோமா கிராமத்தில் முல் குடும்பம் பல தலைமுறைகளாகப் பூ விவசாயம் செய்கிறது. கிராஸ் மல்லிகையின் தாவரப் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். நம் ஊர்ப் பூக்கடையில் ஜாதிமல்லி என்றும் தென்மாவட்டங்களில் பிச்சி என்றும் கேட்டு வாங்குவோமே, அதே இனம்தான். மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். ஆசியாவிலிருந்து அங்கே போன செடி. அங்கே குளிர் தாங்க வேறொரு மல்லிகையின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விடியலில் தொடங்கிக் குனிந்தபடியே பறிக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பூ. பறித்த சில மணி நேரத்தில் தோட்டத்தின் ஓரத்து ஆலையில் துளைத்தட்டுகளில் பரப்பி, ஹெக்சேன் கரைப்பானில் கழுவி, கரைப்பானை ஆவியாக்கினால் மஞ்சள் மெழுகு மிஞ்சும். அதைத் தொழிலில் கான்கிரீட் என்பார்கள். ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு 350 கிலோவுக்கு மேல் பூ. அதைச் சாராயத்தில் கரைத்துக் குளிரவைத்து மெழுகை வடிகட்டினால் அப்சொல்யூட். பாதி எடைக்குச் சற்று மேல் கிடைக்கும். 30 மில்லி பர்ஃபத்துக்கு ஆயிரம் மல்லிகை, பன்னிரண்டு ரோஜா என்று ஷனேல் நிறுவனம் சொல்கிறது. 1980களில் கடற்கரையோர நிலவிலை ஏறி, மலிவான வெளிநாட்டு மல்லிகை வந்து, கிராஸின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்தன. 1987இல் ஷனேல் முல் குடும்பத்தோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டது. விளைவதை நாங்கள் வாங்குவோம், எங்களுக்கே விளைவியுங்கள் என்பது அதன் உள்ளடக்கம். நூறாண்டுக் கதையில் எனக்கு மிக முக்கியமான ஆண்டு 1921ஐ விட இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் நம்பர் 5இன் நடு இடம் என்றோ மாறிப்போயிருக்கும்.

அந்த மலிவான வெளிநாட்டு மல்லிகை எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனது. இந்தியா என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு: சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல், மதுரை வட்டாரங்கள். உலக வாசனைத் தொழிலுக்குப் போகும் ஜாதிமல்லி, குண்டுமல்லி கான்கிரீட்டில் பெரும்பங்கு இந்த இரண்டு நாடுகளுடையது. நம் விவசாயியின் பூவுக்கு முகூர்த்த நாளில் ஒரு விலை, அடுத்த வாரம் அதில் ஒரு பங்குகூட இல்லாத விலை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக மிஞ்சி விலை சரிந்த நாளில்தான் பெரும்பாலும் ஆலைகள் வாங்குகின்றன. மணத்தில் குறை இல்லை. கிராஸ்காரர்களே நம் சரக்கை வாங்கிக் கலக்கிறார்கள். கிராஸின் வாசனைத் தொழிலறிவை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெகோமாவின் தோட்டத்துக்காரருக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பூவை யார் வாங்குவார், என்ன கணக்கில் வாங்குவார் என்பது தெரியும். சத்தியமங்கலத்தில் விடியற்காலையில் பூப்பறிக்க இறங்கும் பெண்ணுக்கு அன்று மதியத்து விலைகூடச் சந்தை திறந்த பிறகுதான் தெரிகிறது.